ரெண்டு கையும் வலது கை

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு தை மாசம் நடந்தது இது. புதுச்சேரி முல்லா வீதிக்குப் பக்கத்துச் சந்துல சின்னதா ஒரு தையல் கடை வச்சிருக்கேன். லேடீஸ் ஜாக்கெட்தான் நம்ம தொழில். வீடு கருவடிக்குப்பம், தினமும் ஸ்கூட்டியில வந்து போறேன்.

அதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. பத்து நாள்ல காய்ச்சல் போயிடுச்சு, அசதி மட்டும் போகலை. காலையில எழுந்து பல்லு விளக்குறதுக்குள்ளயே ஒரு நாள் வேலை பார்த்த மாதிரி இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, மாத்திரை கொடுத்தாங்க, அப்புறம் ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருக்குன்னாங்க. "களைப்பு வர்றதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடுங்கம்மா, கொஞ்சம் கொஞ்சமா செய்யுங்க"ன்னு டாக்டரம்மா சொன்னாங்க. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். நான் எங்க கேட்டேன்!

என் குணம் அப்படி. முடியலைன்னு சொன்னா மானமே போற மாதிரி இருக்கும். ஒரு நாள் உடம்பு லேசா இருந்தா போதும், விட்டதையெல்லாம் பிடிச்சிடணும்னு ஒரே மூச்சுல ஏழு ஜாக்கெட் தைச்சுத் தள்ளுவேன். அடுத்த மூணு நாள் பாயை விட்டு எழுந்திரிக்க முடியாது. நாலாம் நாள் மறுபடியும் அதே கூத்து. வீட்டுக்காரர் பாவம், "கடையை மூடிட்டு வீட்ல இரேன்"னு சொல்வாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். பதினாறு வயசுல இருந்து மிஷின் மிதிக்கிறேன். அதுவும் போச்சுன்னா அப்புறம் நான் யாரு?

எங்க ஊர்ல மதியம் ஒரு மணி ஆச்சுன்னா கடைக்காரங்க ஷட்டரை இறக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு, நாலு மணிக்குத்தான் திரும்பி வருவாங்க. "பிரெஞ்சுக்காரன் போயிட்டான், தூக்கத்தை மட்டும் விட்டுட்டுப் போயிட்டான்"னு நான் கிண்டல் பண்ணுவேன். எங்க சந்துல அந்த நேரத்துல திறந்திருக்கிற ஒரே கடை என்னோடதுதான். அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

அந்தத் தை மாசம் பாகூர் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாங்க. விவசாயக் குடும்பம், ரொம்ப வருஷமா எங்கிட்டதான் தைப்பாங்க. மகளுக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணம். அரக்குக் கலர் முகூர்த்தப் பட்டு, அதுலயே சேர்ந்து வந்த ஜாக்கெட் துணி, உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகை பார்டர். "உன் கையால தைச்சாதான் என் பொண்ணு போடுவேங்குது"ன்னு சொல்லி, புடவையைத் தொட்டுக் கும்பிட்டுட்டுக் கொடுத்தாங்க.

புதன்கிழமை எனக்கு உடம்பு நல்லா இருந்துச்சு. அதான் வினை. காலையிலயே நாலு ஜாக்கெட் முடிச்சேன். மதியம் ரெண்டரை மணி, சந்தே அமைதியா இருக்கு, கண்ணு சொருகுது. இதையும் வெட்டிப் போட்டுட்டா வேலை முடிஞ்சுதுன்னு அந்தப் பட்டை எடுத்தேன்.

ஜாக்கெட் கைக்கு முன்பக்கம் வளைவு அதிகம், பின்பக்கம் கம்மி. துணியை ரெண்டா மடிச்சு வெட்டினா வலது, இடது தானா வந்துடும். இதுல துணி அளவா இருந்ததால மடிக்க முடியலை, ஒண்ணொண்ணா வெட்டணும். அப்போ ரெண்டாவது கைக்கு மாதிரிப் பேப்பரைத் திருப்பிப் போடணும். நான் திருப்பலை. ரெண்டு கையும் வலது கையா வந்து நிக்குது! துணியை உள்பக்கம் புரட்டித் தைக்கலாம்னா ஜரிகை நூல் நூலாத் தெரியும்.

யா அல்லாஹ்! அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். கத்துக்குட்டி செய்யுற தப்பு. 'துணியே பத்தலைன்னு சொல்லிடலாமா'ன்னு ஒரு நிமிஷம் புத்தி போச்சு, அதையும் மறைக்காம சொல்றேன். அப்புறம் மனசு கேக்கலை, அந்த அக்காவுக்குப் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன்.

அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டாங்க. "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட? நாலு நாள்ல கல்யாணத்தை வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிப்பேன்?"னு சந்துக்கே கேக்குற மாதிரி கத்தினாங்க. கத்தணும்தானே. நான் பொலபொலன்னு அழுதுட்டேன். ஒன்றரை வருஷமா வெளியாள் யார்கிட்டயும் சொல்லாத அசதியெல்லாம் அவங்ககிட்ட கொட்டிட்டேன். இனிமே இந்தத் தொழிலே என்னால ஆகாதுபோல இருக்குக்கான்னு சொன்னேன்.

அவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. அப்புறம், "இன்னிக்குக் காலையில என்ன பண்ணின?"ன்னு கேட்டாங்க.

"நாலு ஜாக்கெட் தைச்சேன்க்கா."

"ஏம்மா, எங்க மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் காலையில கொஞ்ச நேரம்தான் வரும். அதுக்குள்ள எந்த வயல் முக்கியமோ அதுக்குத்தான் தண்ணி விடுவோம். மீதி நேரமும் ஃபேஸ் குறைஞ்சு கரண்ட் இருக்கும், லைட்டு எரியும், ஃபேன் சுத்தும். அதை நம்பி மோட்டாரைப் போட்டா காயில் கம்பி எரிஞ்சு போயிடும். உனக்கு வர்ற கரண்டே கொஞ்சூண்டு, அதை உப்புப் பெறாத வேலைக்கு விட்டுட்டு, என் பொண்ணு துணியில வந்து மோட்டார் போட்டிருக்கியே!"

அழுதுக்கிட்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சரி, ராத்திரியோட ராத்திரியா ஏதாவது பண்ணிப் பார்க்கிறேன்னு கத்திரியை எடுத்தேன். அவங்க வாங்கி மேஜை மேல வச்சாங்க. "இன்னிக்கு நீ இதைத் தொடாத. வீட்டுக்குப் போய்ப் படு. காலையில முதல் வேலையா எம் பொண்ணோடதை எடு. உன்னால முடியும்"னு சொல்லிட்டு, வெளியே வந்து என் கடை ஷட்டரை அவங்களே இறக்கினாங்க. அரைகுறையா வெட்டின பட்டு உள்ளே கிடக்கு, அந்தம்மா பஸ்ஸுக்கு நடந்து போறாங்க. நானா இருந்தா துணியைப் பிடுங்கிட்டு வேற டைலர்கிட்ட ஓடியிருப்பேன்.

மறுநாள் காலையில அந்தத் துணியை விரிச்சேன். பத்தே நிமிஷம், வழி தெரிஞ்சிடுச்சு. தப்பான கையில முன்பக்கமா வர வேண்டியதை இன்னும் வளைச்சு வெட்டிட்டு, பின்பக்கம் குறையுற இடத்துக்கு வெட்டு மிச்சத்துல இருந்து பிறை மாதிரி ஒரு துண்டு எடுத்து அக்குள்கிட்ட ஒட்டுக் கொடுத்தேன். இதே துணி, இதே கண்ணுதான் முந்தின நாளும் இருந்துச்சு.

கல்யாணத்துக்கும் போனேன். பொண்ணு மாலை போட ரெண்டு கையையும் தூக்கினப்போ நான் மூச்சே விடலை. ஒட்டுப் போட்டது ஒண்ணும் தெரியலை. மேடையில இருந்து அந்த அக்கா என்னைத் தேடிப் பிடிச்சு, தன் கையை லேசாத் தூக்கிக் காட்டிச் சிரிச்சாங்க.

அதுக்கப்புறம் வெட்டுற வேலை காலையில மட்டும்தான். ஒரு நாளைக்கு மூணு ஜாக்கெட், ஒரு மணிக்கு ஷட்டர். புதுசா வர்றவங்ககிட்ட, "இந்த வாரம் முடியாதும்மா"ன்னு சொல்லப் பழகிட்டேன். முதல்ல நாக்கே திரும்பலை. அசதி ஒரே நாள்ல ஓடிடலை, ஆறேழு மாசம் ஆச்சு. இப்பவும் எப்பவாவது எட்டிப் பார்க்கும். பாயில விழற அளவுக்கு மட்டும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

படுத்துக் கிடக்கிற நாளை விட, உடம்பு நல்லா இருக்கிற நாள்ல மூணாவது ஜாக்கெட்டோட நிறுத்துறதுதான் இன்னிக்கும் எனக்குக் கஷ்டம். அப்போல்லாம், தன் பொண்ணோட முகூர்த்தப் பட்டை உள்ளே வச்சு ஷட்டரை இறக்கிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம நடந்து போன அந்த அக்காவை நெனச்சுக்கிட்டு நானும் ஷட்டரை இறக்கிடுறேன்.