இந்திய அணிக்கு வில்லாபுரத்திலிருந்து ஒரு பெயர்

ஜுல்பிகருக்கு ஐம்பத்து மூன்று வயது. மதுரை வில்லாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடமாகக் கால்பந்துப் பயிற்சியாளர். பத்தொன்பது வருடமும் தற்காலிகம்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் தாளாளர் கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். அதோடு அடுத்த ஜூன் வரை கவலையில்லை. வீட்டுக்கு வருகிற வருமானம் அது ஒன்றுதான். மகள் ஆஷிகா கல்லூரியில் இரண்டாம் வருடம். மே மாதம் பிறந்துவிட்டால் மனைவி ருமானா தொழுகை முடிந்தும் எழாமல், அந்தக் கையெழுத்துக்காகக் கொஞ்ச நேரம் கூடுதலாகக் கையேந்தி உட்கார்ந்திருப்பார்.

இந்த மனிதர் இந்திய அணிக்குப் பயிற்சியாளராகப் போகிறார் என்று ஊரே நம்பியது எப்படி என்றால், அதற்கு ஊரை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்த மே மாதம் நம் கால்பந்து அணி வெளிநாட்டுக்குப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது. பயிற்சியாளர் விலகினார். அடுத்து யார் என்று டிவிக்காரர்கள் ஆரம்பித்தார்கள். காலையில் ஒரு ஸ்பெயின்காரரை அமர்த்தினார்கள், மத்தியானம் அவரை இறக்கிவிட்டு ஒரு கோவாக்காரரை ஏற்றினார்கள். சாயங்கால விவாதத்தில் உட்கார்ந்த நாலு பேரில் மூன்று பேர் பந்தைக் காலால் தொட்டே இருக்கமாட்டார்கள். ஆனால் கருத்துக்கு மட்டும் பஞ்சமில்லை.

அந்த நேரம் பார்த்து முத்திருளனிடம் ஒருவர் மைக்கை நீட்டினார். உசிலம்பட்டிக்காரன், ஜுல்பிகரிடம் ஆடப் பழகியவன், இப்போது பெங்களூரில் ஒரு கிளப்புக்கு ஆடுகிறான். "என்னையக் கேட்டா எங்க ஜுல்பி சார்தாங்க வரணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டார்கள். மறுநாள் ஒரு யூடியூப் சேனலில் கொட்டை எழுத்தில் வந்தது: 'இந்திய அணிக்கு மதுரைக்காரர்? போட்டியில் திடீர் திருப்பம்!'

அன்றைக்கே பள்ளி மைதானத்துக்குக் கேமராவோடு வந்து இறங்கினார்கள். ஜுல்பிகர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தன்னிடம் இருப்பது டி லைசென்ஸ், பயிற்சியாளர் படிப்பில் அதுதான் முதல் படி, அதை வைத்துக்கொண்டு தேசிய அணிக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது, தான் போடவும் இல்லை. பத்து நிமிடம் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட நிருபர் கடைசியில், "சரிங்க சார், ஒருவேளை அவங்களே கூப்பிட்டா?" என்றார்.

இங்கேதான் மனிதர் சறுக்கினார். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சுக்குள் என்னவோ இனித்தது. "நாட்டுக்குன்னா யாருங்க மாட்டேம்பா?" என்றார். பத்து நிமிடப் பேச்சில் அந்த ஒரு வரியைத்தான் ஒளிபரப்பினார்கள்.

அடுத்தது அருள்பாண்டி. ஜுல்பிகரோடு சின்ன வயதில் பந்தாடியவர், காளவாசலில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருப்பவர். மதுரையில் ஒருவன் பாஸ்போர்ட் எடுத்தாலே ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், இதற்கு வைக்காமல் இருப்பார்களா? மறுநாள் காலை பள்ளி கேட்டுக்கு நேர் எதிரே பன்னிரண்டு அடி உயரத்தில் நின்றது. கல்யாணத்துக்குப் போட்ட கோட்டோடு ஜுல்பிகர், பின்னால் இந்தியா கேட், பக்கத்தில் எதற்கென்றே தெரியாமல் ஒரு சிங்கம். 'இந்திய அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்கும் எங்கள் அண்ணனை வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.' அருள்பாண்டி அவரைவிட இரண்டு வயது மூத்தவர்.

ஜுல்பிகர் பதறியடித்துப் போன் போட்டார். "அண்ணே, முதல்ல அதக் கழட்டுங்க. யாரும் எனக்கு எதுவும் தரலண்ணே."

"தருவாய்ங்க மாப்ள. ஆர்டர் வந்தப்புறம் ஊரே வைக்கும், அதுல என்ன இருக்கு? வாரதுக்கு முன்னாடி வச்சாத்தானே நாம வச்சதாக் கணக்கு!"

அருள்பாண்டி காசு பார்த்துச் செய்யவில்லை, பாசத்தில் செய்தார். திட்ட ஜுல்பிகருக்கு வாய் வரவில்லை. சேனலுக்குப் போன் செய்து மறுப்புச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் அதுவும் வந்துவிட்டது: 'மறுக்கிறார் ஜுல்பிகர்! திரைமறைவில் நடப்பது என்ன?' அதற்குப் பிறகு அவர் சேனல்காரர்களிடம் மறுப்பதையே விட்டுவிட்டார். வாயைத் திறந்தாலும் செய்தி, மூடினாலும் செய்தி.

மூன்றாம் நாள் தாளாளர் கூப்பிட்டார். மேசையில் கையெழுத்துக்கான தாள் இல்லை.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். கேட் எதிர்ல ஃப்ளெக்ஸப் பாத்துத்தான் நாங்க தெரிஞ்சுக்கணுமா?"

"சார், அல்லா மேல சத்தியமா அதுல ஒண்ணுமே இல்ல. நான் எங்கயும் போகல. எனக்கு இந்த வேலைதான் வேணும்."

தாளாளர் சிரித்தார். "புரியுது சார். அறிவிக்கிற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க போற இடத்துக்கு நாங்க குறுக்க நிக்க மாட்டோம். வேற ஆளுக்குச் சொல்லியாச்சு."

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அந்த வாரமே கோடைப் பயிற்சி முகாமின் கடைசி நாளில் பந்தல் போட்டு வழியனுப்பு விழா வைத்தார்கள். தாளாளர் பொன்னாடையை விரித்தபோது மேடையில் ஜுல்பிகர் இரண்டு கையையும் தூக்கித் தடுக்கத்தான் பார்த்தார். கும்பிடுகிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. பொன்னாடையை வேண்டாமென்று தள்ளிவிட்டு இந்த ஊரில் யாரால் மேடையை விட்டு இறங்க முடியும்? தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். முன்வரிசையில் ருமானா அழுதார். எல்லோரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து அறிவிப்பு வந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர். எந்த டிவியும் கடைசி வரை சொல்லாத பெயர்.

ஜுல்பிகர் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போனார். தாளாளர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கேள்விப்பட்டேன் சார். ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ஆனா சூரியபிரகாஷுக்கு ஆர்டர் குடுத்துட்டேனே. அந்தத் தம்பி திண்டுக்கல்ல இருந்த வேலைய விட்டுட்டு வந்திருக்கு. இப்பப் போய் வேணாம்னு எப்படிச் சொல்ல?"

வெளியே மைதானத்தில் சூரியபிரகாஷ் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஜுல்பிகரைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க இடத்துக்கு வந்ததே எனக்குப் பெருமை சார். அங்க அரசியல் பண்ணிட்டாய்ங்க, விடுங்க" என்றான். முகத்தில் கள்ளமே இல்லை. இவன் வயிற்றில் அடித்துத்தான் தன் வேலையைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால், அதற்கு ஜுல்பிகருக்கு மனசு வரவில்லை. பெனால்டி கட்டத்தின் கோடு கோணலாக இருப்பதை மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வழியெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். கறிக்கடை பாதுஷா கடையை விட்டு இறங்கி வந்து கட்டிப்பிடித்து, "அநியாயம் பாய், தமிழன்னா அவிய்ங்களுக்கு எளக்காரம்" என்று கண் கலங்கினார். முதல் இரண்டு பேரிடம் ஜுல்பிகர் விளக்கிப் பார்த்தார். அந்த வேலைக்கு நான் ஆசைப்படவே இல்லை, போனது பள்ளிக்கூட வேலை என்றார். "வெறுப்புல பேசாதீங்கண்ணே" என்று தோளைத் தட்டினார்கள். மூன்றாவது ஆளிடம் தலையை மட்டும் ஆட்டினார். பள்ளிக்கூட வேலை என்ன ஆச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்திய அணிக்குப் போக இருந்தவரிடம் அதைப் போய் யார் கேட்பார்கள்?

ருமானா வாசலிலேயே நின்றிருந்தார். தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

ஜுல்பிகர் முழுச் செம்பையும் குடித்து முடித்தார்.

"எல்லாரும் தைரியம் சொன்னாங்க. அடுத்த தடவ கண்டிப்பாக் கிடைக்கும்கிறாங்க."

ருமானாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ். அடுத்த ஜூனுக்கா?"

"இல்ல ருமானா," என்றார் ஜுல்பிகர். "இந்தியா டீமுக்கு."