வீட்டுக்குள் கூப்பிட்ட பெயர்

பௌர்ணமி அன்று காலையில் ஏழு வயது மகளுடன் கிரிவலம் போனேன். ஒவ்வொரு லிங்கத்திலும் அவளைப் படமெடுத்து, "எங்க குண்டுமல்லி" என்று எழுதி, அடுத்து எந்த லிங்கம் என்பதையும் சேர்த்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டேன்.

வாயு லிங்கத்தில் போனிலிருந்து நிமிர்ந்தால் அவள் இல்லை. கூட்டத்துக்குள் கத்திக்கொண்டே ஓடினேன்.

கொஞ்ச தூரத்தில் இளநீர் விற்கும் அம்மா ஒருவர் அவளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மாமான்னு சொல்லி ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். பாப்பாவோட அப்பா பேரு என்னானு கேட்டேன், விட்டுட்டு ஓடிட்டான்."

"யாருன்னே தெரியாம ஏண்டி போன?" என்றேன் மகளிடம்.

"குண்டுமல்லின்னு கூப்பிட்டாரும்மா. நம்ம வீட்டாளுங்கதான அப்படிக் கூப்பிடுவாங்க?"

படங்களை அன்றே அழித்துவிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட மட்டும் இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.