நான்காம் பக்கத்து வெற்றுக் கட்டம்

மலையகத்து ஹட்டன் கடைவீதியில் எங்கள் அப்பா நடத்திய வாரப் பத்திரிகையின் வரலாற்றை எழுதித் தருமாறு இளைஞர் சிலர் கேட்டிருக்கிறார்கள். வரலாறு என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. நான்கே பக்கங்கள். சனிக்கிழமை காலையில் டயகம பஸ்ஸிலும் பூண்டுலோயா பஸ்ஸிலும் கட்டுக்கட்டாகப் போகும். தொழிலாளர் வரிசைவீடுகளான லயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வாங்கி, வாசிக்கத் தெரிந்தவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். முதல் மூன்று பக்கங்களில் சங்கக் கூட்டமும் திருவிழாவும் தேயிலை விலையும் இருக்கும். பத்திரிகையை வாழவைத்தது நான்காம் பக்கம்.

இரு நாட்டு ஒப்பந்தப்படி தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. போகிறவர்கள் எல்லாரிடமும் நேரில் சொல்லிக்கொள்ள இயலாது. சொல்லாமல் போனால் ஊர் ஏசும். ஆகவே அப்பா ஒரு வாசகம் அமைத்திருந்தார்: “தாயகம் திரும்பும் நாங்கள், நேரில் சொல்லிக்கொள்ள இயலாத அனைவரிடமும் இதன்வழி விடைபெறுகிறோம்.” அதை அச்சுக்கோத்து, நூலால் கட்டியே வைத்திருந்தார். வாராவாரம் கட்டத்துக்குள் பெயர்களும் தோட்டமும் மட்டும் மாறும். அந்தத் தாயகத்தை அவர்களில் பலர் கண்டதேயில்லை என்பது எங்களை உறுத்தவில்லை. அறிவித்தல்கள் பெருகிய வாரம் வீட்டில் ஆட்டிறைச்சி சமைப்பார்கள். ஒவ்வோர் அறிவித்தலும் ஒரு வாசகர் வீட்டைக் குறைக்கிறது என்பது எனக்கு எட்டவில்லை. பக்கத்துத் தேநீர்க்கடைக்காரருக்கு எட்டியிருந்தது.

“அண்ணே, கடைசியா நம்ம ரெண்டு பேருந்தான் மிச்சம். நீங்க அச்சடிங்க, நான் வாசிக்கிறேன்.”

அப்பா சிரிப்பார்.

அக்கா டிக்கோயாவில் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு புதன்கிழமை அவள் கணவர் அச்சகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

“பாஸ்போட்டு வந்திருச்சுங்க மாமா. ஞாயித்துக்கெழம ரயிலு. நம்ம அறிவித்தலையும் போட்ருங்க.”

“எடம் இருக்கான்னு பாக்குறேன் மாப்ள.”

இடத்தைப் பற்றி அப்பா ஐயப்பட்டு நான் கேட்டது அதுவே முதல் தடவை. வெள்ளிக்கிழமை அக்காவே வந்து நின்றாள்.

“ஊருக்கெல்லாம் போட்டீங்களேப்பா. நான் மட்டும் சொல்லிக்காம ஓடிப்போனவன்னு பேரெடுக்கணுமா?”

அப்பா அவளுக்குத் தேநீர் வரவழைத்தார். அவள் குடித்து முடித்த கோப்பையை வாங்கி வைத்தார். பிறகு, “போடுறேம்மா” என்றார்.

“மாமியா பேர மொதல்ல போடுங்க. இல்லாட்டி கப்பல் பூரா எனக்கு ஏச்சுதான்.”

சனிக்கிழமை பத்திரிகை வெளிவந்தது. நான்காம் பக்கத்தின் கீழ்மூலையில், பூவேலைக் கரையிட்ட கட்டம் ஒன்று இருந்தது. உள்ளே வாசகமும் இல்லை, பெயரும் இல்லை.

“என்னாண்ணே, இந்தக் குடும்பத்துக்குப் பேரே வைக்கலயா?” என்றார் தேநீர்க்கடைக்காரர். அப்பா சிரிக்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. கேட்டவர்களிடமெல்லாம், மை பிடிக்கவில்லை என்று விளக்கம் கூறினேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன்.

ஞாயிறன்று ரயில் நிலையத்தில் அக்காவிடமும் அதையே சொன்னேன்.

“மை புடிக்கலக்கா. அடுத்த வாரம் சரியாப் போட்ருவோம்.”

அவள் அந்தக் கட்டத்தை நெடுநேரம் பார்த்தாள். “ஆமாடா, மை புடிக்கலதான்” என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்னர் மேடையில் நின்ற ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய்க் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டாள். மேடையின் கோடியில் நின்ற அப்பாவிடம் கடைசியாகப் போனாள். ரயில் ஊதியது.

அடுத்த வாரமும் அந்த அறிவித்தல் வரவில்லை. பத்திரிகை மேலும் சில ஆண்டுகள் நடந்து, வாசிக்க ஆளின்றி நின்றுபோனது.

சென்ற மாதம் கூடலூரிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் பேசினான். “அம்மாவுக்கு ஹட்டன்ல ஒரு மரண அறிவித்தல் போடணும் மாமா. நீங்கதானே நல்லா எழுதுவீங்க.” ஒப்புக்கொண்டேன், மொழி கற்பித்தே வாழ்ந்தவன் நான். தாளில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். உள்ளே இன்னும் எதுவும் எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமைப் பக்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டத்தின் கரை, ஒரு பூவிதழ்கூட மங்காமல், கறுப்பாகவே பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் மை பிடிக்கவில்லை என்று சொல்லித் திரிந்தேன்.