பென்காவின் பால்கனி

பென்கா எதையும் எழுதி வைக்கிறவள். பெர்னிக் என்ற சுரங்க நகரின் அந்த எட்டு மாடிக் கான்கிரீட் கட்டிடத்துக்குப் பதினான்கு வருடமாக அவள்தான் நிர்வாகி. யார் மாடிப்படி கழுவவில்லை, யார் வீட்டு நாய் லிஃப்டில் என்ன செய்தது, எல்லாம் அவளுடைய நீல நோட்டில் தேதியோடு இருக்கும்.

வெளிச்சுவர் முழுக்கக் குளிர் தாங்கும் பலகை ஒட்ட ஐரோப்பிய நிதி வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பத்தில் எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டும். பாக்கி ஒன்றே ஒன்று. பென்காவின் வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் இருக்கும் மெத்தோதி, சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாட்டேன் என்கிறார்.

"சூடே வராத வீட்டுக்குச் சட்டை எதுக்குங்க?"

இதைக் கேட்டாலே பென்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரை மூடிவிட்டு அக்கம்பக்கத்து வீடுகளின் சூட்டில் ஓசியில் வாழ்கிற ஆள் என்று முடிவு கட்டியிருந்தாள். "சூட்டுத் திருடன்" என்று பெயர் வைத்ததே அவள்தான். அவர் மனைவி நெவெனா ஒவ்வொரு நவம்பரிலும் பெட்டியோடு மகள் வீட்டுக்குப் போய் ஏப்ரலில்தான் திரும்புவாள். "அந்தக் கஞ்சனோட எவ குளிர்காலம் ஓட்டுவா?" என்று வாசல் பெஞ்சில் சிரிக்கவைத்ததும் இவளே.

ஜனவரியில், வெயில் ஏறாத ஒரு காலை, வெப்பம் கசிகிற இடத்தைக் காட்டும் கேமராவோடு பொறியாளர் ராலித்சா வந்தாள். பென்கா கட்டிடத்தையே முற்றத்துக்கு வரவழைத்திருந்தாள். மானத்தை வாங்கினால் தானாகக் கையெழுத்து விழும் என்பது அவள் கணக்கு.

"அவரு ஜன்னலப் புடிம்மா. எல்லாரும் பாக்கட்டும்!"

திரையில் மெத்தோதியின் வீடு சூடே இல்லாமல் கருநீலமாகத் தெரிந்தது. சனம் சிரித்தது. ராலித்சா கேமராவைச் சற்றே உயர்த்தினாள். மேலே ஒரு சதுரம் சூட்டில் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது.

"இது யாரு பால்கனி?"

"என்னோடதுதான்." பென்காவுக்குப் பெருமை. சுவரை இடித்துப் பால்கனியைச் சமையலறையோடு சேர்த்து, கண்ணாடி போட்டு, அங்கேயே இரண்டு பெரிய ரேடியேட்டரும் வைத்திருந்தாள். ஊரில் யார்தான் பால்கனியை அடைக்கவில்லை? ஆனால் ஜனவரியில் மிளகாய் நாற்று இவள் வீட்டில்தான் நிற்கும்.

"குழாய் மேலேருந்துதான கீழ வருது? வர்ற சூட்டையெல்லாம் உங்க கண்ணாடி தெருவுக்கு விட்டுடுதும்மா. அவருக்கு ஆறின தண்ணிதான் போகும்."

சிரிப்பு நின்றது. பென்கா நம்பவில்லை. விறுவிறுவென்று மெத்தோதியின் வீட்டுக்குள் போனாள். உள்ளே மூச்சு விட்டால் புகை வந்தது. ரேடியேட்டரின் திருகு முழுக்கத் திறந்துதான் இருந்தது. தொட்டாள். சில்லென்றிருந்தது.

"ஒம்பது வருஷம் முன்னாடியே சொன்னேனே," என்றார் பின்னால் வந்த மெத்தோதி. "உங்க நோட்டுல இருக்கும், பாருங்க."

கையோடு கொண்டுவந்திருந்த நீல நோட்டைப் புரட்டினாள். இருந்தது. அவள் பால்கனியை அடைத்த அதே குளிர்காலம், அவளுடைய குண்டு குண்டு எழுத்து: "தரைத்தளத்தார் புகார், சூடு வரவில்லை. காரணம், சொந்தக் கஞ்சத்தனம். தள்ளுபடி."

அவளுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. வெட்கம்கூட இன்னும் வந்து சேரவில்லை. ஒன்பது நவம்பர். ஒன்பது தடவை நெவெனாவின் பெட்டி வாசலைத் தாண்டிப் போனதை மேலேயிருந்து, மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்த்திருக்கிறாள்.

மெத்தோதி அவளைப் பார்க்கவில்லை. ராலித்சாவிடம் கேட்டார்: "அப்போ இதெல்லாம் சரி பண்ணிட்டா, வர்ற குளிருக்கு எங்க வீட்டம்மா இங்கயே இருக்கலாமா?"

"மொதல்ல அந்தப் பால்கனி ரேடியேட்டரைக் கழட்டணும் ஐயா."

"இன்னைக்கே கழட்டிடறேன், அண்ணே," என்றாள் பென்கா. அண்ணே என்று அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை.

மெத்தோதி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போட வெகு நேரம் பிடித்தது. குளிரில் அவருடைய விரல்கள் பேனாவைச் சுற்றி மடங்கவில்லை.