டெனிஷின் பாக்கெட்டோடு போன சாவி

ஜெபசீலன் ஆயுசு முழுக்க அரசுப் பேருந்து ஓட்டியவர். சாவியைத் திருகாமல் வண்டி கிளம்பும் என்றால் நம்புகிற ஆளா அவர்? மகன் டெனிஷ் குவைத் சம்பளத்தில் வாங்கிய காரைப் பார்த்து, "இது காரா, மிக்சியா?" என்று கேட்டார்.

டெனிஷ் விளக்கினான். சாவி பாக்கெட்டில் கிடந்தால் போதும். கதவுப் பிடியைத் தொட்டதும் வண்டி சாவியைக் கூப்பிடும், சாவி தன் ரகசிய எண்ணைச் சொன்னால் பூட்டு திறக்கும். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினால் மறுபடியும் தேடும், சாவி உள்ளே இருந்தால்தான் என்ஜின் ஓடும். "ஓடத் தொடங்கினப்பொறவு சாவி வெளிய போனாலும் நிக்காது, சும்மா கத்தும். ஆனா ஆஃப் பண்ணிட்டா பின்ன ஸ்டார்ட் ஆவாது, கேட்டியளா?"

மனைவி நேசம்மாள் இருந்தவரை சாவியைப் பற்றிய கவலையே இல்லை. மகன் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் விமான நிலையத்தில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்வாள். ஆமென் சொன்ன கையோடு, "பாஸ்போர்ட் எடுத்தியா? சாவிய அப்பாட்ட குடுத்தியா?" என்று அவன் பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பாள். போன மாதம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள், பாவி மனுஷி. அடக்கத்துக்கு வந்த டெனிஷுக்கு லீவு தீர்ந்துவிட்டது. இன்றைய விமானத்தை விட்டால் வேலை போய்விடும்.

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே டெனிஷ் இறங்கினான். இந்த முறை ஜெபசீலன்தான் ஜெபித்தார். டெனிஷ் அவசரமாக ஆமென் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியை இழுத்துப் போனான். பாக்கெட்டைத் தட்ட ஆள் இல்லை. பின்னால் காவலர் விசில் ஊத, ஜெபசீலன் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி வண்டியை எடுத்தார். அது கத்தியதை அவர் சட்டை செய்யவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பாறசாலையில் ஃபோன் வந்தது. என்ஜினை அணைக்காமல் ஓரம் கட்டினார்.

"அப்பா, சாவி எனக்க பாக்கெட்டுல இருக்கு! நான் வெளிய வாறேன், நீங்க திரும்பி வாங்க."

"வராத மக்கா, வேல போயிரும். பிளைட்டுல ஏறு."

"இன்னொரு சாவி எங்கப்பா?"

"அம்மைதான் எடுத்து வச்சா. வீட்டுல போய் அவகிட்ட கேட்டு வாங்கிக்கிடுதேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கம் டெனிஷ் விம்முவது கேட்டது. "போ மக்கா, போ" என்று வைத்துவிட்டார்.

வீட்டு முற்றம் வரை வந்துவிட்டார். அணைக்கும் பொத்தானில் விரல் போகவில்லை. அணைத்தால் இறங்க வேண்டும், இறங்கினால் அந்த வீட்டுக்குள் தனியாகப் போக வேண்டும். பெட்ரோல் தீர்கிற வரை இருந்துவிடலாம் என்று ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார்.