மீன் குழம்புச் சட்டியும் ஐரிஷ் மேடமும்

அயர்லாந்துக்காரர்கள் அந்தக் காலத்தில் வெண்ணெயைச் சதுப்பு நிலத்தில் புதைத்து வைத்தார்களாம். ஆயிரக்கணக்கான வருடம் கழித்துத் தோண்டினால் வெண்ணெய் அப்படியே கட்டியாகக் கிடந்ததாம். மஸ்கட் பக்கம் குழாய்ப் பள்ளம் தோண்டிய எங்கள் சைட்டில், பழைய பொருள் ஏதாவது அகப்படுகிறதா என்று பார்க்க வந்த ஐரிஷ் மேடம் போனில் படம் காட்டிச் சொன்னது இது.

"வச்ச எடத்த மறந்துட்டானுவளா? உருக்கி நெய்யாக்கியிருந்தா மறப்பானா?" என்றான் என் ரூம்மேட்.

மேடத்துக்கு ஒரு பழக்கம். மண்ணில் கிடைப்பதை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் எலும்பு, ஒட்டாவிட்டால் கல். பழசு என்று அவர் சொல்லிவிட்டால் பள்ள வேலை நின்றுவிடும்.

எனக்கு வேண்டியதும் அதுதான். மகள் பிறந்து பத்து மாதம், போனில்தான் பார்த்திருக்கிறேன். லீவு கேட்டால் ஃபோர்மேன், "வேலை நின்னா போ" என்பார். நிறுத்திவிட்டால் போயிற்று! ரூவி கடைத்தெருவில் வாங்கி, கேம்ப் மெஸ்ஸில் உடைந்துபோன மீன் குழம்புச் சட்டியின் ஓடு ஒன்றைச் சோப்புப் பொடி போட்டுத் தேய்த்துப் பள்ளத்தில் புதைத்தேன்.

மறுநாள் நானே அதைத் தோண்டியெடுத்து, "மேடம்!" என்று அலறினேன். வாங்கி நாக்கில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சைட்டில் கற்ற இந்தியில் கேட்டார்: "மச்லி?"

ஐயோ, நாலு வருட மீன் குழம்பு ஒரு சோப்புப் பொடிக்கா போகும்! காரணம் சொல்ல எனக்கு ஆங்கிலமும் வராது. இளித்துக்கொண்டு நின்றேன். மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஃபோர்மேனிடம் போட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் அங்கே குவிந்த மண்ணையெல்லாம் நானே சலிக்க வேண்டும் என்று தண்டனை போட்டார்.

மூன்றாம் நாள் சல்லடையில் கோடு கீறிய ஓடு ஒன்று தங்கியது. சத்தியமாக நான் வைத்ததில்லை. மேடத்திடம் நீட்டினேன். என்னை முறைத்தபடியே நாக்கில் வைத்தார்.

"மச்லி மாஃபி!" மீன் இல்லையென்று குதித்தார் மனுஷி.

பள்ள வேலை கலாஸ், நின்றே விட்டது. எல்லோருக்கும் லீவு, என்னைத் தவிர. "இவனுக்கு நல்ல கண்ணு, எனக்கு வேணும்" என்று மேடம் ஃபோர்மேனிடம் கேட்டு என்னை நிறுத்திக்கொண்டார். பாராட்டிக் கெடுத்தாள் பாவி! எரிச்சலோடு, மகளுக்கு வாங்கிய கவுனை ஊருக்குக் கிளம்பிய ரூம்மேட்டிடம் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து வீடியோ காலில் வந்தான். மடியில் என் மகள், புது கவுனோடு.

"மச்சான், ஒம் மவ என்னயப் பாத்து அப்பாங்குறாடா!"

சல்லடையைப் போட்டுவிட்டு, "அவனில்லடி, நான்டி ஒங்கப்பன்!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன்.