அத்தான் பிடித்த கயிறு

எங்கள் ஊர் டீக்கடையில் நாட்டின் தலைவிதி தினமும் காலையில் தீர்மானிக்கப்படும். சுசீந்திரத்திலிருந்து முதல் பஸ் வந்து திரும்புவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்.

"எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு அஞ்சு வருசம் பட்டாளத்துகிட்ட குடுக்கணும் வே."

இதைச் சொல்லுகிற யாரும் ரேஷன் கடை வரிசையில்கூட ஒழுங்காக நின்றவர்கள் இல்லை. நான் நாலு புத்தகம் படித்தவன் என்பதால் மறுத்துப் பேசுவேன். இந்தியாவில் ராணுவம் ஏன் ஆட்சிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு என்னிடம் ஓர் அலமாரி நிறையக் காரணங்கள் உண்டு. தளபதிக்கு மேலே ஓட்டு வாங்கி வந்த அமைச்சரை வைத்தார்கள். முப்படைக்கும் தனித்தனித் தலைமை வைத்தார்கள். பல மாநிலத்து ஆட்களைக் கொண்டு படையை அமைத்தார்கள். கட்சிகள் எவ்வளவு கேவலமாகச் சண்டை போட்டாலும் தோற்றவன் அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தான். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு டீக்கடைக்காரர் சொல்வார்: "சாருக்கு சீனி கம்மிதானே?"

அலமாரியில் இல்லாத ஒரு காரணத்தை நான் தெரிந்துகொண்டது என் அக்காள் கணவரிடமிருந்து. அதைத் தெரிந்துகொள்ள அவர் ஒரு கால் கொடுக்க வேண்டியிருந்தது.

அத்தான் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து பென்ஷனில் வந்தவர். ஊரில் அவரைப்போல இன்னும் ஐந்து பேர் உண்டு. வருடம் முழுக்க அவர்களுக்கு வேலை ஒன்றுமில்லை. வாழைக்குத் தண்ணீர் விடுவார்கள், இந்தியில் திட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தால் மட்டும் அவர்கள் ராஜாக்கள். நடுப்பகல் பூஜையான உச்சிக்கொடை நேரத்தில் கோயில் முற்றத்தில் பானைகளில் மஞ்சள் தண்ணீர் கொதிக்கும். அருள் வந்த சாமியாடி கமுகம்பூக் குலையை அதில் முக்கித் தன் மேல் அடித்துக்கொள்வார். அந்தத் தண்ணீர் அவரைச் சுடாது என்பது ஊரின் நம்பிக்கை. மற்றவர்களைச் சுடும் என்பது ஊரின் அனுபவம். ஆனாலும் ஒரு துளி மேலே பட்டால் நல்லது என்று கூட்டம் முண்டும். ஆகவே பானைகளைச் சுற்றிலும் ஒரு கயிறு. கயிற்றைப் பிடிப்பது அந்த ஆறு பேர்.

அத்தான் ஒரு விசில் ஊதுவார். ஊரே இரண்டடி பின்னால் போகும். சொந்தத் தகப்பன் சொல்லி நகராதவனும் நகருவான். இதில் ஒரு ரகசியம் இருந்தது. எங்கள் கொடைக் கமிட்டியை வருடா வருடம் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். மேலத்தெரு ஒரு கட்சி, கீழத்தெரு ஒரு கட்சி. அந்தக் கூட்டத்தில் இந்த ஆறு பேரும் கை தூக்குவதில்லை. வேப்பமரத்தடியில் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. அத்தான் ஊருக்கு வந்த புதிதில் தொடங்கி வைத்த வழக்கம். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"கூட்டத்துல தூக்கின கையில கயிறு நிக்காது மாப்ளே. பட்டாளத்துல நாங்க ஆரு ஜெயிச்சான்னு கேக்க மாட்டோம். ஜெயிச்சவன் வந்தா சல்யூட் அடிப்போம். அதோட சரி."

இப்படிப் பேசிய மனிதர்தான்.

ஒரு வருடம் கூட்டத்தில், வில்லுப்பாட்டா இன்னிசைக் கச்சேரியா என்று தொடங்கிய கருத்து வேறுபாடு நாற்காலிகளில் போய் முடிந்தது. மறுநாள் டீக்கடையில் தீர்ப்பு கொஞ்சம் மாறியது. "கொடைய சுபேதார்கிட்ட குடுத்துருவோம் வே. எலெக்‌ஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்." எல்லோரும் கை தூக்கினார்கள். நான் எப்போதும் முதலில் தூக்குவதில்லை. நாலைந்து கைகள் தெரிந்த பிறகு தூக்கினேன். என் அலமாரி அன்று பூட்டியிருந்தது.

திரளாக வீட்டுக்குப் போனோம். அத்தான் முதலில் மறுத்தார். பிறகு "இந்த ஒரு வருசம் மட்டுந்தான்" என்றார். அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இத்தன வருசம் சல்யூட் அடிச்சாச்சு. இனி வாங்கிப் பாக்கணும்னு ஆச வந்துட்டு."

"நீ சும்மா கெட. ஊரு கூப்பிடுகு."

"ஊரு கூப்பிடும். நாளைக்கு அதே ஊருதான் கூவி வெரட்டவும் செய்யும்."

அந்த வருடக் கொடையைப் போல ஒரு கொடையை நான் கண்டதில்லை. சொன்ன நேரத்துக்கு மேளம். பந்தியில் இலைக்கு இலை ஒரே அளவு சோறு. வில்லுப்பாட்டுக்காரர் கதையை நீட்டியபோது அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரக்கன் அங்கேயே செத்தான். ஊர் புல்லரித்துப் போயிற்று. டீக்கடையில் நான், ஒழுக்கம் என்றால் என்னவென்று நீண்ட உரை நிகழ்த்தினேன். யாரும் சீனியைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த வருடம் ஊர்க்கூட்டம் நடக்கவில்லை. அத்தான் கூட்டவில்லை. "கூட்டினா நாற்காலி ஒடையும். நாற்காலி கோயில் சொத்து" என்றார். சரியான பதிலாகத்தான் தோன்றியது. அவருக்குக் காசாசை கிடையாது, புகழாசைகூடப் பெரிதாகக் கிடையாது. ஊர் மறுபடி இந்தத் தெருக்கட்சிகள் கையில் போனால் குட்டிச்சுவராகிவிடும் என்று மெய்யாகவே கவலைப்பட்டார். கவலைப்படுகிறவனிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

கேட்டது அந்த ஆறு பேரில் ஒருவரான மேலத்தெரு ஹவில்தார். அத்தானோடு ஒரே ரயிலில் லீவுக்கு வந்து இரணியலில் சேர்ந்து இறங்கிய காலத்துச் சிநேகிதர். கோயில் முற்றத்தில் பத்துப் பேர் நிற்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சுபேதாரே, கூட்டம் எப்ப?"

"ஹவில்தார், அது ஒம்ம வேலையில்ல. நாற்காலிய எடுத்து அடுக்கும்."

ஹவில்தார் சிரித்தார். "பென்சனுக்கும் ரேங்க் உண்டா வே?"

அத்தான் சிரிக்கவில்லை. அந்த ஆறு பேரில் மூன்று பேர் மேலத்தெரு, அத்தானோடு சேர்த்து மூன்று பேர் கீழத்தெரு என்று எண்ணிப் பார்க்க ஊருக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அதுவரை அவர்கள் வெறும் பட்டாளத்துக்காரர்கள். அன்று சாயங்காலம் டீக்கடையில், அத்தான் அமர்த்திய மேளக்காரர் கீழத்தெருவில் யாருக்கு உறவு என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. உறவில்லை என்று நான் சொன்னேன். "நீரு அவருக்க மச்சினன்லா, அப்படித்தான் சொல்லுவேரு" என்றார்கள். என் படிப்புக்கு அந்த ஊரில் அவ்வளவுதான் மதிப்பு என்பது எனக்குப் புதிய செய்தி அல்ல.

கொடையன்று கயிறு பிடிக்க மேலத்தெரு மூன்று பேரும் வரவில்லை. அத்தான் அந்த இடத்தில் தன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மூன்று கீழத்தெருக்காரர்களை நிறுத்தினார். கொதிக்கிற பானைகள், நடுவே சாமியாடி, சுற்றிலும் கூட்டம். எல்லாம் எப்போதும் போலத்தான். அத்தான் விசில் ஊதினார். கூட்டத்திலிருந்து யாரோ பதிலுக்கு விசிலடித்தார்கள். பின்னால் சிரிப்பு.

மேலத்தெருக்காரன் ஒருவன் கயிற்றைத் தூக்கினான்.

"கயித்த விடு மக்கா" என்றார் அத்தான். குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"இது கீழத்தெருக் கயிறுலா. எங்களுக்கென்ன?"

அவன் குனிந்து உள்ளே வந்தான். அவன் பின்னால் நாலு பேர். அந்த நாலு பேர் பின்னால் ஊர். ஒரு பானை சரிந்தது. முன்வரிசைப் பெண்களை இரண்டு கையாலும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றதால் அத்தானால் நகர முடியவில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிற்று.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்புவதற்குள் டீக்கடை தன் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது. "பார்டர்ல ஒண்ணும் ஆகாத காலு, அம்மன் கோயில் முத்தத்துல வெந்துட்டு பாத்தேரா? அம்மைக்குப் பொறுக்கல்ல." சொன்னவர், அவரிடம் கொடுத்துவிடுவோம் என்று முதலில் சொன்ன அதே ஆள். இதைச் சுட்டிக்காட்டினால் ஒழுக்கக்கேடு என்று நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அத்தான் கோயில் சாவியை யாரும் கேட்கும் முன்பே கொடுத்தனுப்பினார். ஹவில்தார் பார்க்க வரவில்லை. வந்திருந்தால் எங்கே உட்கார்வது என்று இருவருக்குமே தெரிந்திருக்காது.

கட்டோடு கால் நீட்டிக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு தேசத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. தெருவில் டாங்கிகள், அவற்றின் மேல் ஜனங்கள் ஏறிப் பூப்போட்டார்கள். சீருடைக்காரர் ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார்.

"என்ன சொல்லுகான்?" அத்தானுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தட்டும்.

"தற்காலிகமாத்தான் எடுத்திருக்கோம்ங்கான்."

அத்தான் அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார். "பாவம். அவன் நெசமாத்தான் சொல்லுகான். மொத வருசம் நல்லாத்தான் இருக்கும்."

அக்கா வந்து டிவியை அணைத்தாள்.

இந்த வருடம் ஊர்க்கூட்டம் கூடியது. மூன்று நாற்காலி உடைந்தது, கமிட்டி அமைந்தது. கொடைக்கு முந்தின நாள் கமிட்டிக்காரர்கள் இருவர் அத்தான் வீட்டுக்கு வந்தார்கள். நானும் இருந்தேன்.

"சுபேதாரே, கயிறு ஒங்க வீட்டுலதானே கெடக்கு?"

அத்தான் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். பார்க்காமலிருந்திருக்கலாம். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டைக்குக் கை நீட்டினார். அதன் பையில்தான் விசில்.

"நீங்க சங்கடப்படண்டாம். காலு வேற இப்படி. கயிறு மட்டும் தந்தாப் போதும்."

அக்கா கயிற்றை எடுத்து வந்து கொடுத்தாள். பட்டாளத்து முறையில் வட்டம் வட்டமாக, ஒரு இழை விலகாமல் சுற்றி வைத்த கயிறு. அத்தான் சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

உச்சிக்கொடைக்கு நான் மட்டும் போனேன். இரும்புக் குழாய்கள் நட்டுக் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்கள் குனிந்து குனிந்து உள்ளே போனார்கள். வெளியே நின்றால் ஒன்றும் தெரியவில்லை. நானும் குனிந்தேன்.